ஏழாம் எண் சட்டையின் எடை

2011-12 சீசனில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் சிறந்த வீரராக அந்தோனியோ வலென்சியா தேர்ந்தெடுக்கப்பட்டார். ஈக்வடார் நாட்டுக்காரர். வலது ஓரத்தில் அவர் பந்தோடு கிளம்பினால் எதிரணித் தடுப்பாட்டக்காரருக்கு மூச்சு வாங்கும். அடுத்த சீசனில் அவருக்கு 7-ஆம் எண் சட்டை வழங்கப்பட்டது. ஜார்ஜ் பெஸ்ட், பிரையன் ராப்சன், எரிக் கான்டனா, டேவிட் பெக்காம், கிறிஸ்டியானோ ரொனால்டோ என்று பெரிய ஆட்டக்காரர்கள் அணிந்த சட்டை. அந்த சீசனில் அணி லீக் பட்டம் வென்றது. வலென்சியாவின் ஆட்டம் மட்டும் மங்கிப்போனது. சீசன் முடிந்ததும் 7-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பழைய 25-க்கே போய்விட்டார். அந்த 25-ஆம் எண்ணோடு மேலும் ஆறு ஆண்டுகள் ஆடி, கடைசியில் அணித் தலைவராகவும் ஆனார்.

அவருக்குப் பிறகு அந்தச் சட்டையைப் போட்டவர்களைப் பாருங்கள். 2014-இல், பிரிட்டிஷ் கால்பந்தில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலையாகக் கிட்டத்தட்ட 6 கோடி பவுண்டு கொடுத்து வாங்கப்பட்ட ஆங்கெல் டி மரியா ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். மெம்ஃபிஸ் டிபாய் ஒன்றரை ஆண்டு. அலெக்சிஸ் சான்செஸ் 45 ஆட்டங்களில் 5 கோல். இவர்கள் யாரும் சாதாரண ஆட்டக்காரர்கள் அல்லர். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்காக கோல் அடித்தவர் அதே டி மரியா. நெதர்லாந்துக்காக மிக அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தில் இன்று இருப்பவர் அதே டிபாய்.

இத்தனைக்கும் ஓர் எண்தான் காரணம் என்றால் அது மூடநம்பிக்கை. காயங்கள் உண்டு, பயிற்சியாளரோடு ஒத்துப்போகாதது உண்டு, தவறான இடத்தில் ஆடவைத்தது உண்டு. ஆனால் சட்டையோடு சேர்த்து அந்த வீரர்களிடம் வேறு ஏதோ கொடுக்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது. பழம்பெருமை உள்ள கிளப்பில் ஆடுவது இன்றைய வீரருக்கு வரமா, சுமையா என்று கேட்டால் 'இரண்டும்தான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அந்தப் பதிலில் திருப்தியில்லை. பெருமையை யார் கையில் எடுக்கிறார்கள், எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கிளப்பை நடத்துகிறவர்கள் காப்பாற்ற வேண்டிய ஒன்றை, களத்தில் ஓடும் பையனின் தோளில் ஏற்றிவிடுகிற அநியாயம் பல ஊர்களில் நடந்துகொண்டிருக்கிறது. மான்செஸ்டரில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

மியூனிக்கிலிருந்து வெம்ப்ளிவரை

முதலில், பெருமை வீரரைத் தூக்கிவிட்ட கதை. 1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ரெட் ஸ்டார் அணியோடு ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியை முடித்துக்கொண்டு யுனைடெட் அணி திரும்பிக்கொண்டிருந்தது. எரிபொருள் நிரப்ப விமானம் மியூனிக்கில் இறங்கியது. ஓடுபாதை முழுக்கப் பனிச்சேறு. இரண்டு முறை மேலெழும்ப முயன்று முடியவில்லை. மூன்றாம் முயற்சியில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நொறுங்கியது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் வீரர்கள். மருத்துவமனையில் பதினைந்து நாள் போராடி இறந்த டங்கன் எட்வர்ட்ஸுக்கு வயது 21. பயிற்சியாளர் மேட் பஸ்பி பிழைப்பாரா என்பதே தெரியாமல் இருந்தது.

13 நாள் கழித்து ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். அன்று விற்ற ஆட்டக் கையேட்டில் யுனைடெட் வீரர்களின் பெயர்கள் வரவேண்டிய இடம் வெற்றாக விடப்பட்டிருந்தது. யாரெல்லாம் ஆடுவார்கள் என்று அச்சுக்குப் போகும்போது எவருக்கும் தெரியவில்லை. வேல்ஸ் தேசிய அணியின் பொறுப்பில் இருந்ததால் அந்த விமானத்தில் போகாத உதவிப் பயிற்சியாளர் ஜிம்மி மர்ஃபி, இளையோர் அணிப் பையன்களையும் அவசரமாக வாங்கிய ஓரிருவரையும் கொண்டு ஓர் அணியை நிறுத்தினார். ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியை 3-0 என வென்றார்கள். அந்த மே மாதம் இறுதி ஆட்டம்வரை போய், போல்டனிடம் தோற்றார்கள்.

பத்தாண்டு கழிந்தது. 1968-இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், மாட்ரிட் நகரில், ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில், யுனைடெட்டை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன கோலை அடித்தவர் பில் ஃபோக்ஸ். அபூர்வமாகவே கோல் அடிக்கும் தடுப்பாட்டக்காரர். மியூனிக் விபத்தில் உயிர் தப்பியவர். மே 29 அன்று வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 4-1 என வென்றபோது இரண்டு கோல் அடித்தவர் பாபி சார்ல்டன். அவரும் உயிர் தப்பியவர். இன்னொரு கோல் அடித்த பிரையன் கிட்டுக்கு அன்றுதான் 19 வயது நிறைந்தது. விபத்து நடந்தபோது அவர் எட்டு வயதுச் சிறுவன்.

அந்தப் பத்தொன்பது வயதுக்காரனைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவனுடைய கிளப்பின் பழைய கதையைவிடப் பெரிய பாரம் எந்த வீரருக்கும் இருந்திருக்க முடியாது. இறந்தவர்களின் பெயரால் ஆட வேண்டிய கிளப் அது. ஆனாலும் அது அவனை அழுத்தவில்லை. காரணம் எளிது. அந்தக் கதையை வாழ்ந்தவர்கள் அவனோடு களத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சார்ல்டன் பந்தை அவனுக்குக் கொடுத்தார், அவனிடமிருந்து வாங்கினார். பழமை அவனுக்குச் சக ஆட்டக்காரராக இருந்தது. பின்னாளில் அதே பழமை பார்வையாளர் மாடத்துக்குப் போய், மேலிருந்து பார்க்கத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது.

மேலிருந்து பார்க்கும் பெருமை

1969-இல் பஸ்பி ஓய்வு பெற்றார். ஆனால் போகவில்லை, பொது மேலாளர் என்ற பதவியோடு கிளப்பிலேயே இருந்தார். அவருக்குப் பின் பயிற்சியாளரான வில்ஃப் மெக்கின்னஸ், பாபி சார்ல்டனின் வயதொத்தவர். தன்னோடு ஆடியவர்களை, ஐரோப்பாவை வென்றவர்களை, அவர் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது. 1970 டிசம்பரில் அவரை நீக்கிவிட்டுப் பஸ்பியே சில மாதம் அணியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவை வென்ற ஆறே ஆண்டில், 1974-இல், யுனைடெட் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1967-இல் வென்ற லீக் பட்டத்தை மறுபடி தொட 26 ஆண்டுகள் ஆயின.

அதைத் தொட்டவர் அலெக்ஸ் ஃபெர்குசன். அவர் 1986 நவம்பரில் வந்தபோது அந்த அணி பழைய நினைவுகளில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. முதல் மூன்றரை ஆண்டுகள் ஒரு கோப்பைகூட இல்லை. 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி ஓல்டு டிராஃபோர்டில் பதாகையே பிடித்தார்கள். ஃபெர்குசன் பஸ்பியின் கோப்பைகளோடு போட்டி போடவில்லை. பஸ்பி எப்படி வேலை செய்தார் என்பதை எடுத்துக்கொண்டார். திறமையுள்ள சிறுவர்களை ஊர் ஊராகத் தேடச் சொன்னார். அவர்களின் பெற்றோரைத் தானே போய்ப் பார்த்தார். 1992-இல் இங்கிலாந்தின் இளையோர் கோப்பையை வென்ற அணியில் ரயன் கிக்ஸ், பெக்காம், நிக்கி பட், கேரி நெவில் இருந்தார்கள். 1993-இல் லீக் பட்டம் வந்தது. அடுத்த ஜனவரியில் இறந்த பஸ்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது 2013-க்கு வருவோம். 13 லீக் பட்டங்களோடு ஃபெர்குசன் விடைபெற்றார். விடைபெறும் உரையில் புதிய பயிற்சியாளரோடு நில்லுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். மனதார விரும்பித்தான் கேட்டார் என்று நம்புகிறேன். ஆனால் அதற்குள் மைதானத்தின் ஒரு மாடத்துக்கு அவர் பெயர் வைத்தாகிவிட்டது. வெளியே சிலையும் நின்றது. அடுத்து வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம். பத்தே மாதத்தில் வெளியே அனுப்பினார்கள். அணி தடுமாறிய ஒவ்வொரு ஆட்டத்திலும் தொலைக்காட்சி கேமரா ஒருமுறை மேலே திரும்பி, இயக்குநர்கள் அமரும் இடத்தில் இருந்த ஃபெர்குசனின் முகத்தைக் காட்டும். அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அங்கே இருந்தாலே போதும். கீழே ஆடுகிறவர்களுக்கு அது தீர்ப்பாகிவிடும்.

ஸ்டூடியோவில் வேறு தீர்ப்புகள். ராய் கீன், கேரி நெவில், பால் ஸ்கோல்ஸ், ரியோ ஃபெர்டினாண்ட் ஆகியோர் வாரா வாரம் இன்றைய அணியைப் பிரித்து மேய்ந்தார்கள். அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மைதான், ஆட்டம் தெரிந்தவர்கள். என் வருத்தம் வேறு. கேட்பவர்களின் நினைவில் அவர்களுடைய காலம் கோப்பைகளாக மட்டுமே தங்கியிருக்கிறது. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் 90 நிமிடம் முடியும்வரை அவர்கள் பயர்ன் மியூனிக்கிடம் 0-1 எனப் பின்தங்கியிருந்தார்கள். காயத்துக்காகக் கூட்டிக் கொடுத்த நேரத்தில் இரண்டு கோல் விழவில்லையென்றால் அந்த ஆண்டின் கதை வேறு. 2012-இல் சீசனின் கடைசி நிமிடத்தில் அதே ஊர் அணியான சிட்டியிடம் பட்டத்தை இழந்தது ஃபெர்குசனின் அணிதான். இதெல்லாம் மங்கிப்போய், கோப்பையைத் தூக்கிய காட்சிகள் மட்டும் மிச்சமிருக்கின்றன. இருபது வயதுப் பையன் அந்த வெட்டியொட்டிய காணொளியோடு போட்டி போட வேண்டும். அதில் யாராலும் ஜெயிக்க முடியாது.

கடன் யாருடையது?

2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் யுனைடெட்டை வாங்கியது. அந்தத் தொகையில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனையும் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப், அதன் பிறகு ஆண்டுதோறும் வட்டி கட்டியது. விளம்பரதாரர்கள் கொட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் விலை கொடுத்தது இன்றைய அணிக்கா? பெஸ்ட்டும் சார்ல்டனும் பெக்காமும் சேர்த்துவைத்த பெயருக்குத்தான். பழைய வீரர்களின் வியர்வையில் விளைந்த வருமானம் வட்டியாகவும் பங்காதாயமாகவும் வெளியே போனது.

மைதானத்துக்கு என்ன ஆனது? 2022 நவம்பரில் ரொனால்டோ ஒரு பேட்டியில், 2009-இல் தான் விட்டுப்போன பயிற்சி மையத்தின் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் அப்படியே மாறாமல் இருப்பதைச் சொன்னார். அந்தப் பேட்டியின் மற்ற பகுதிகளில் எனக்கு உடன்பாடில்லை. கிளப்பைவிட்டு வெளியேற அவர் தேர்ந்துகொண்ட வழி அது. ஆனால் இந்த ஒரு விஷயம் உண்மை என்பதைக் காலம் காட்டியது. 2024 மே மாதம் ஆர்சனலோடு நடந்த ஆட்டத்தன்று பெய்த மழையில் ஓல்டு டிராஃபோர்டின் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது. வெளியே சிலைகள் பளபளப்பாக நின்றன.

இதுதான் என் முக்கியமான குற்றச்சாட்டு. பெருமையின் வருமானத்தை அனுபவிப்பவர்கள் ஓர் இடத்தில், பெருமைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறோர் இடத்தில். ஃபெர்குசனுக்குப் பின் லூயி வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமான ஆட்டத்தோடு வந்தார்கள். ஒருவர் கேட்டு வாங்கிய வீரர் அடுத்தவருக்கு ஆகாதவர் ஆனார். இந்தக் குழப்பத்துக்கு நடுவே தோல்வி வந்தபோதெல்லாம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தச் சட்டையை அணிய இவர்களுக்குத் தகுதி இருக்கிறதா? 2024-25 சீசனில் அணி 42 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் முடிந்தது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய 1974-க்குப் பிறகு இவ்வளவு கீழே போனதில்லை.

அதே சீசனில் இத்தாலியில் நடந்ததைக் கவனியுங்கள். சிறுவனாகச் சேர்ந்து யுனைடெட்டிலேயே வளர்ந்த ஸ்காட் மெக்டாமினே 2024 ஆகஸ்டில் நாப்போலிக்கு விற்கப்பட்டார். அந்த அணி லீக் பட்டம் வென்றது; இத்தாலிய லீக்கின் அந்த சீசனுக்கான சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. ரோமேலு லுகாகுவும் இதற்கு முன்பே அப்படித்தான். யுனைடெட்டை விட்டுப் போய் 2021-இல் இன்டர் மிலானோடு இத்தாலிய லீக் பட்டம் வென்றார். நாப்போலியும் பழம்பெருமை இல்லாத கிளப் அல்ல. மாரடோனாவின் பெயரைத் தாங்கிய மைதானத்தில் ஆடுகிற அணி அது. அங்கே மெக்டாமினேவிடம் கேட்டது அவரால் முடிந்த ஆட்டத்தை மட்டும்தான்.

தூர்வாரப்படும் ஏரி

யுனைடெட்டில் ஒரு மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. 1937 அக்டோபர் முதல், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அறிவிக்கப்படும் அணியில் அந்த கிளப்பின் இளையோர் பிரிவில் வளர்ந்த ஒருவராவது இருந்திருக்கிறார். நான்காயிரம் ஆட்டங்களைத் தாண்டியும் அது அறுபடவில்லை. போர் வந்தது, மியூனிக் வந்தது, இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அவமானம் வந்தது. அது மட்டும் நிற்கவில்லை. 2016 பிப்ரவரியில் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியின்போது ஒருவர் காயமடைய, 18 வயது மார்கஸ் ராஷ்ஃபோர்டு இறக்கிவிடப்பட்டு முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்ததும் அதனால்தான். 2024 மே 25 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என வென்றபோது கோல் அடித்த கோபி மைனு, அலெஹாந்த்ரோ கர்னாச்சோ இருவரும் 19 வயதுக்காரர்கள். இருவரும் இளையோர் அணியிலிருந்து வந்தவர்கள். அந்த சீசனில் லீக்கில் எட்டாம் இடம் பிடித்த அணி, அன்று லீக் சாம்பியனை வென்றது.

முன்னோர் வெட்டிய ஏரி ஊருக்கு எப்போது பயன்படும்? ஆண்டுதோறும் தூர்வாரினால் பயன்படும். வெட்டியவர் பெயரைக் கல்வெட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் வயலுக்குத் தண்ணீர் வராது. 1937-இல் தொடங்கிய மரபு அப்படித் தூர்வாரப்பட்டு வருகிறது. 7-ஆம் எண் சட்டையை வெறும் கல்வெட்டாக ஆக்கிவிட்டார்கள்.

லிவர்பூலின் கதை இதற்கு நல்ல சான்று. 1990-க்குள் 18 முறை லீக் சாம்பியன். பிறகு 30 ஆண்டுகள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சீசனும் 'இந்த ஆண்டு நம் ஆண்டு' என்ற ஏக்கத்தோடு தொடங்கி ஏமாற்றத்தோடு முடியும். 2014-இல் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அந்த வட்டாரத்திலேயே பிறந்து அந்த கிளப்பிலேயே வளர்ந்த அணித் தலைவர் ஸ்டீவன் ஜெரார்டு கால் வழுக்கி விழுந்து, அது செல்சீக்குக் கோலானது. 2015 அக்டோபரில் யூர்கன் க்ளோப் வந்தார். வரலாற்றை முதுகுப்பையாகச் சுமந்து திரியக் கூடாது என்பதை முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே சொன்னார். ஆன்ஃபீல்டு மைதானத்தில் வீரர்கள் களத்துக்கு இறங்கும் வழியில், மைதானத்தின் பெயரைச் சொல்லும் பலகை ஒன்று உண்டு. அதைத் தொட்டுவிட்டு இறங்குவது பல தலைமுறை வழக்கம். நாம் ஏதாவது ஒன்றை வெல்லும்வரை அதைத் தொடாதீர்கள் என்று தன் வீரர்களிடம் சொன்னார் க்ளோப். 2019-இல் சாம்பியன்ஸ் லீக் வென்றார்கள். 2020-இல் லீக் பட்டம் வந்தது.

அந்தக் கட்டளையை முதலில் படித்தபோது பழமைக்குச் செய்யும் அவமரியாதையாகத்தான் பலர் நினைத்திருப்பார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாகப் படுகிறது. அது தன் வீரர்களை அந்தப் பெருமையிலிருந்து கொஞ்ச காலம் விடுவித்தது. சம்பாதித்த பிறகு உரிமையோடு தொடச் சொன்னது.

ரியல் மாட்ரிட்டைக் காட்டி எதிர்வாதம் வைப்பார்கள். 15 முறை ஐரோப்பிய சாம்பியன்; தோற்கும் ஆட்டத்தையும் கடைசி நிமிடத்தில் திருப்புகிறார்களே, வரலாறுதானே அந்த நம்பிக்கையைத் தருகிறது என்பார்கள். ஆனால் 1966-க்குப் பிறகு 1998 வரை 32 ஆண்டுகள் அதே கிளப், அதே வெள்ளைச் சட்டையோடு, அந்தக் கோப்பையை வெல்லவே முடியாமல் தவித்தது. அந்த 32 ஆண்டுகளில் வரலாறு எங்கே போயிருந்தது? மாட்ரிட்டின் இன்றைய நம்பிக்கை 1950-களிலிருந்து வரவில்லை. பக்கத்தில் ஆடுகிறவர் மூன்று நான்கு கோப்பை வென்றவராக இருக்கிறார், அதிலிருந்து வருகிறது.

கொல்கத்தாவின் வயல்

நம் நாட்டில் கால்பந்துப் பெருமை என்றால் கொல்கத்தா. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான், கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடியவர்கள். அந்த நாளை மோகன் பகான் தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டும். 1920 ஆகஸ்டில் பிறந்த ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கும் குறையாத பெருமை உண்டு. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரு அணிகளும் மோதியபோது சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கும் அதிகமானோர் திரண்டார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. தமிழ்நாட்டின் ராமன் விஜயன் அந்தக் காலத்தில் அவர்களின் முக்கியமான கோல் வேட்டைக்காரர். 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையையும் தூக்கினார்கள்.

2003-04-க்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக் பட்டத்தைப் பல ஆண்டுகள் பார்க்கவில்லை. நூற்றாண்டு விழா கண்ட 2020-இல், முதலீட்டாளர் யார் என்ற இழுபறி முடிந்து, சீசன் தொடங்க இரண்டே மாதம் இருக்கும்போது ஐ.எஸ்.எல். தொடரில் இடம் உறுதியானது. அவசரத்தில் கோத்த அணி 11 அணிகளில் ஒன்பதாவதாக வந்தது. அடுத்த சீசனில் 20 ஆட்டங்களில் ஒரே வெற்றி, கடைசி இடம். அதற்கடுத்து மூன்று முறை மறுபடியும் ஒன்பதாம் இடம். அந்த அணிகளில் ஆடிய பையன்கள், மோகன் பகானோடு மோதும் ஒவ்வொரு முறையும் 1975-இல் 5-0 என வென்ற கதையைக் கேட்டபடி களமிறங்கியிருப்பார்கள். தங்களுக்குச் சம்பளம் தரப்போவது யார் என்றே இரண்டு மாதத்துக்கு முன்புவரை தெரியாதவர்களிடம் 1975-ஐக் கேட்பது நியாயமா? 2024 ஜனவரியில், ஒரு பயிற்சியாளரிடம் அணியை ஒப்படைத்துக் கொஞ்சம் பொறுமையும் காட்டிய பிறகு, சூப்பர் கோப்பையை வென்றார்கள். 12 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தேசியக் கோப்பை அது.

சேப்பாக்கத்துக்கும் இது பொருந்தும்

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. ஐந்து பட்டங்கள் வென்றுவிட்டதால் அதற்குள் பழம்பெருமையும் வந்துவிட்டது. 2022-இல் தலைமை ரவீந்திர ஜடேஜாவிடம் கொடுக்கப்பட்டது. எட்டு ஆட்டங்களோடு அவர் அதை மகேந்திர சிங் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார். வலென்சியா 7-ஆம் எண்ணைத் திருப்பிக் கொடுத்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. 2023 மே மாதம், தான் மேல்வரிசையில் இறங்கினால் எப்போது அவுட்டாவேன் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என ஜடேஜா வெளிப்படையாகவே சொன்னார். அவர் ஆட்டமிழந்தால்தானே தோனி இறங்குவார். சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது பட்டத்தை வாங்கித் தந்தவர் அதே ஜடேஜா.

2025-இல் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் விலக, 43 வயதில் தோனி மறுபடி தலைவரானார். அவர் திரும்பிய முதல் ஆட்டத்தில், ஏப்ரல் 11 அன்று, சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103 ரன். சீசன் முடிவில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி. வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடம். தோனி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த ஊர் அவருக்குக் கொடுத்த அன்பு அவர் சம்பாதித்தது. குறை, ஒவ்வொரு நெருக்கடியிலும் முன்னால் பார்க்காமல் பின்னால் திரும்பிப் பார்த்த அணி நிர்வாகத்தின் மேல். போக வழியில்லாமல் போன பிறகுதான் புதியவர்களுக்குக் கதவு திறந்தது. ஆயுஷ் மாத்ரே என்ற 17 வயதுப் பையன் பெங்களூருவில் 94 ரன் அடித்தான். சூப்பர் கிங்ஸின் முதல் ஆட்டம் நடந்தபோது அவனுக்கு ஒரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. 2010, 2011 பட்டங்கள் அவனைப் பயமுறுத்தவில்லை. அவனைப் போன்றவர்களை முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கியிருக்க வேண்டும்.

அணி நிர்வாகத்திடம் கேட்பது இதுதான்: பழைய வெற்றியில் வந்த பணத்தைச் சிறுவர்களுக்கான பயிற்சியிலும் திறமை தேடுவதிலும் போடுங்கள், பெயரும் புகழும் பெற்றவர்களை ஆட்டம் கற்றுக்கொடுக்க உட்காரவையுங்கள், தோற்றால் நீங்கள் முன்னால் வந்து பதில் சொல்லுங்கள். சேப்பாக்கத்தின் ரசிகர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. அடுத்த முறை பெயர் தெரியாத ஒரு பையன் மஞ்சள் சட்டையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், அடுத்து வரப்போகிறவருக்காகக் காத்திருக்காதீர்கள். விசிலை அவனுக்கே அடியுங்கள்.